ரேச், லைமர், அலான்ட்: பழைய வேட்டைநாய்ச் சொற்களுக்கு எந்த நூலைத் திறப்பது?

ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில் பித்தன் வேடத்தில் அலையும் எட்கர், ஓரிடத்தில் மூச்சுவிடாமல் நாய்களை அடுக்குகிறான். மாஸ்டிஃப், கிரேஹவுண்ட், ஸ்பானியல் வரைக்கும் நமக்குத் தடங்கல் இல்லை. பிராக், லிம், டிரண்டில்-டெயில் என்று வரும்போதுதான் வாசிப்பு நிற்கிறது. நமக்கு மட்டும் அல்ல. 1608இல் அச்சான பிரதியில் 'லிம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹிம்', அதாவது 'அவனை' என்று இருக்கிறது. 1623இல் வந்த 'ஃபோலியோ' என்ற நாடகத் தொகுப்பிலும் எழுத்து சற்றே மாறிய அதே 'ஹிம்'தான். அச்சுக் கோத்தவர்களுக்கே அந்த நாய் பிடிபடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹான்மர் என்ற பதிப்பாசிரியர் அதை 'லிம்' என்று திருத்தினார்.

ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவர், 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரையோ ஷேக்ஸ்பியரையோ தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர், இடைக்கால இங்கிலாந்தில் கதை வைக்கிறவர் எல்லோரும் ஒருநாள் இந்த நாய்க் கூட்டத்துக்குள் நுழைந்தே ஆகவேண்டும். அகராதியைப் புரட்டலாம். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி ஒரு சொல் முதலில் எங்கே, எந்த ஆண்டில் தென்படுகிறது என்பதைச் சொல்லிவிடும். ஆனால் 'லைமர்: வாரில் பிடித்து நடத்தும் மோப்ப நாய்' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, அந்த நாய் விடியற்காலையில் என்ன வேலை செய்தது, ஏன் அது குரைக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு அந்தக் காலத்து வேட்டை நூல்களுக்கே போகவேண்டும். முக்கியமானவை நான்கு. நான்கையும் படிக்க எல்லோருக்கும் நேரம் இருக்காது என்பதால் எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் படிக்க முடியும் என்றால் 'மாஸ்டர் ஆஃப் கேம்'. ஷேக்ஸ்பியர் மட்டும் போதும் என்பவருக்கு மட்டும் வேறு நூலைச் சொல்வேன். அது பின்னால் வருகிறது.

'மாஸ்டர் ஆஃப் கேம்' நூலை 1406க்கும் 1413க்கும் இடையில் எழுதியவர் யார்க் டியூக் எட்வர்ட். நான்காம் ஹென்றி அரசனின் வேட்டைப் பொறுப்பு இவரிடம்தான் இருந்தது. நூலைப் பின்னாளில் ஐந்தாம் ஹென்றி ஆன இளவரசனுக்குக் காணிக்கையாக்கினார்; 1415இல் அதே ஹென்றிக்காகப் போரிட்டு அஜின்கோர்ட் களத்தில் இறந்தார். நூலின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. பிரான்சின் தெற்கே ஃப்வா நாட்டுப் பிரபு கஸ்தோன் ஃபேபூஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல்தான் மூலம். மொழிபெயர்ப்பு என்றதும் முகம் சுளிக்கவேண்டாம். எட்வர்ட் கண்ணை மூடிக்கொண்டு பெயர்க்கவில்லை. இங்கிலாந்தில் இல்லாத விலங்குகளை வெட்டி எறிந்தார். கண்ணி வைத்துப் பிடிக்கும் அத்தியாயங்களை விட்டுவிட்டார். பிரெஞ்சு நூல் கலைமானில் தொடங்கினால் இவர் முயலில் தொடங்கினார். கொம்பு ஊதுவது, இங்கிலாந்து அரசனின் வேட்டையில் யார் எங்கே நிற்பது போன்றவற்றை எழுதித் தானாகவே சில அத்தியாயங்கள் சேர்த்தார். வேட்டைக்காரர் ஒருவர் தன் கையால் செய்த வேலையை எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்தப் பகுதி.

இந்த நூலில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பணி, ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஆள் இருக்கிறார்கள். 'ரேச்' என்பவை கூட்டமாக, மோப்பம் பிடித்தபடி குரல் எழுப்பிக்கொண்டு ஓடுபவை. இவற்றைப் பார்த்துக்கொள்பவர் 'பெர்னர்'. கிரேஹவுண்ட் மோப்பத்தை நம்புவதில்லை. கண்ணில் பட்டதைப் பாய்ந்து பிடிக்கும். சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒடுங்கிய வயிறும் நீண்ட முகமும் விளக்கவே தேவையில்லை. கிரேஹவுண்டைப் பிடித்துக்கொண்டு நின்று, மான் நெருங்கும் நேரம் பார்த்து அவிழ்த்துவிடுபவர் 'ஃபியூட்டரர்'. 'அலான்ட்' பெருத்த உடலும் முரட்டுக் குணமும் உள்ள நாய். பன்றி, எருது போன்றவற்றைக் கவ்விப் பிடித்து நிறுத்தும். தன் எஜமானனையே கொன்ற அலான்ட்களும் உண்டு என்று நூல் எச்சரிக்கிறது. சாசரின் 'வீரன் கதை'யில் லிகர்கஸ் மன்னனின் தேரைச் சுற்றி, இளங்காளை அளவில் இருபதுக்கு மேற்பட்ட வெள்ளை அலான்ட்கள் வாயில் கட்டுப்போட்டு நடந்துவருவதை வாசிக்கும்போது, அந்தக் கட்டு எதற்கு என்பது எட்வர்டைப் படித்தவருக்குத்தான் உறைக்கும்.

எல்லாவற்றிலும் சுவையானது லைமர். கலைமான் வேட்டை நாளில் முதலில் காட்டுக்குள் போவது அரசனும் இல்லை, நாய்க்கூட்டமும் இல்லை. விடியலில் ஒரு வேட்டையாளும் அவர் கையில் வாரோடு ஒரு லைமரும்தான். குளம்புத் தடம், கொம்பு உரசிய மரப்பட்டை, புழுக்கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மான் படுத்திருக்கும் புதர் வரைக்கும் அந்த நாய் சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு குரைப்பு போதும், மான் எழுந்து ஓடிவிடும், அன்றைய வேட்டையும் போயிற்று. புழுக்கையைப் பொறுக்கிக் கொம்புக்குள் போட்டுப் புல்லால் அடைத்து எடுத்துவந்து, பிரபுக்கள் உணவருந்தும் இடத்தில் பரப்பிக் காட்டுவார்கள். எந்த மானைத் துரத்துவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மான் இறந்தபின் உரித்த தோலின்மேல், இரத்தத்தில் நனைத்த ரொட்டியும் குடலும் கலந்து ரேச்களுக்கு விருந்து; லைமருக்குப் பங்கு தனி. அந்தத் தோல் விருந்தின் பிரெஞ்சுப் பெயரிலிருந்துதான் வேட்டையாடப்படும் விலங்கைக் குறிக்கும் 'குவாரி' என்ற ஆங்கிலச் சொல்லே பிறந்தது. கல்குவாரிக்கும் அதற்கும் உறவு இல்லை.

'ரிலே' என்பதும் இந்த வேட்டைக்களத்தில் புழங்கிய சொல். மான் ஓடக்கூடிய வழியை ஊகித்து, ஆங்காங்கே ஜோடி ஜோடியாக நாய்களைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். முதல் கூட்டம் கடந்துபோனதும் புதிய நாய்களை அவிழ்த்துவிடுவது ரிலே. கூட்டம் வருவதற்கு முன்பே அவிழ்த்துவிட்டால் அதற்கு 'வான்ட்லே' என்று வேறு பெயர். நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் குச்சியைக் கை மாற்றி ஓடுவதற்கும் அந்த நாய்களுக்கும் இருக்கும் சொந்தத்தை எந்த உடற்கல்வி ஆசிரியரும் சொல்லித் தந்ததில்லை.

நாய்க்கொட்டில் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள். வைக்கோல் தினமும் மாற்றவேண்டும். நாளுக்கு இரண்டு முறை வெளியே நடத்திச் செல்லவேண்டும். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனை நாய்களின் பணிக்கு எடுத்து, ஒவ்வொரு நாயின் பெயரையும் நிறத்தையும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டும். இரவில் அவை சண்டை போடாதபடி யாராவது கூடவே படுக்கவேண்டும். கதை எழுதுபவருக்கு இந்த ஒரு பையன் போதும், ஒரு நாவலுக்கு.

இந்த நூலின் குறை என்ன? 600 ஆண்டுப் பழைய ஆங்கிலம். ஆனால் பெய்லி-குரோமன் தம்பதியர் 1904இல் பெரிய பதிப்பாகவும், 1909இல் மொழியை நவீனமாக்கிச் சிறிய பதிப்பாகவும் கொண்டுவந்தார்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் முன்னுரை எழுதியிருக்கிறார். பின்னிணைப்பில் லைமர், அலான்ட், ரிலே என்று ஒவ்வொரு சொல்லுக்கும் நீண்ட விளக்கம் உண்டு. பல நேரங்களில் நூலைவிட அந்தப் பின்னிணைப்புதான் பயன்படுகிறது. இன்னொரு குறை, எட்வர்டின் கண் அரண்மனைக் கண். ஏழையின் நாய், தெருநாய், இறைச்சிக் கடை நாய் எல்லாம் ஓரமாகத்தான் எட்டிப்பார்க்கின்றன.

அந்த ஓரத்து நாய்கள் வேண்டுமென்றால் 'புக் ஆஃப் செயின்ட் ஆல்பன்ஸ்' இருக்கிறது. 1486இல் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் அச்சானது. அச்சிட்டவர் பெயர் தெரியாததால் 'பள்ளி ஆசிரியர் அச்சாளர்' என்றே அவரை அழைக்கிறார்கள். வல்லூறு வளர்ப்பு, வேட்டை, குலச்சின்னங்கள் மூன்றையும் கலந்து கட்டிய நூல். வேட்டைப் பகுதி செய்யுளில் இருக்கிறது; அதன் முடிவில் ஜூலியன்ஸ் பார்ன்ஸ் என்ற பெண்மணியின் பெயர் வருகிறது. அவர் சோப்வெல் கன்னிமடத் தலைவி என்பது பின்னால் கிளம்பிய மரபு, பதிவு எதுவும் கிடையாது. தாய் பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல 'என் பிள்ளாய்' என்று விளித்து விளித்துச் சொல்லும் தொனி, எட்வர்டிடம் இல்லாத சுகம். ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

இதிலுள்ள நாய்ப் பட்டியல் கிரேஹவுண்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்குகிறது. லைமர், ஸ்பானியல், ரேச், டெரியர், இறைச்சிக் கடை நாய், குப்பைமேட்டு நாய், சுருண்ட வால் நாய், கடைசியில் சீமாட்டிகளின் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சியை இழுத்துக்கொள்ளும் குட்டி மடிநாய். அந்தச் சுருண்ட வால் நாய்தான் 'டிரிண்டில்-டெயில்'. நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து எட்கரின் வாயில் டிரண்டில்-டெயிலாக வருகிறது. பாம்பின் தலை, வாத்தின் கழுத்து, பூனையின் பாதம், எலியின் வால் என்று நல்ல கிரேஹவுண்டுக்கு அங்க லட்சணம் சொல்லும் செய்யுளும் இங்கேதான் இருக்கிறது. எதுகையோடு இருப்பதால் ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்தாலே மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் இந்த நூலில்தான் வழுக்கி விழும் இடமும் அதிகம். விலங்கு, பறவை, மனிதக் கூட்டங்களுக்கு என்ன பெயர் சொல்லவேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் இதில் உண்டு. இணையத்தில் சுற்றும் 'விசித்திரமான கூட்டப் பெயர்கள்' பலவற்றின் ஊற்று இதுவே. அதில் பாதி உண்மையான தொழிற்சொல், பாதி கிண்டல். மோப்ப நாய்களை ஜோடிக் கணக்கில் எண்ணுவதும், மூன்று கிரேஹவுண்டுகளைச் சேர்த்து ஒரு 'லீஷ்' என்பதும் நிஜ வழக்கு. இன்றைக்கும் இங்கிலாந்து ஹவுண்டுக் கூட்டங்களை 'பத்தரை ஜோடி' என்றுதான் சொல்வார்கள். அதே பட்டியலில் நாட்டு நாய்களுக்கு 'ஒரு கோழைத்தனம்' என்றும், கன்னித்துறவிகளுக்கு 'தேவைக்கு மிஞ்சிய கூட்டம்' என்றும் வருகிறது. இதை எந்த வேட்டைக்காரரும் காட்டில் சொல்லியிருக்கமாட்டார். கிண்டலை வழக்குச் சொல்லாக எண்ணித் தன் கதாபாத்திரத்தின் வாயில் வைத்துவிடும் எழுத்தாளர் மாட்டிக்கொள்வார். அதனால்தான் இதை முதல் நூலாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. எட்வர்டைப் படித்தபின் எடுத்தால், எது வேலைச்சொல், எது விளையாட்டு என்று மூக்கே சொல்லிவிடும்.

ஷேக்ஸ்பியருக்கு என்று நான் ஒதுக்கிவைத்த நூல், ஜான் கீஸ் எழுதியது. கேம்பிரிட்ஜில் அவர் பெயரிலேயே கல்லூரி இருக்கிறது, அரண்மனை மருத்துவர். சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிஞர் கோன்ராட் கெஸ்னருக்காக இங்கிலாந்து நாய்களை வகைப்படுத்தி லத்தீனில் எழுதினார். 1570இல் அச்சானபோது கெஸ்னர் இறந்து ஐந்து ஆண்டு ஆகியிருந்தது. 1576இல் ஆபிரகாம் ஃப்ளெமிங் 'ஆஃப் இங்கிலிஷ் டாக்ஸ்' என்று ஆங்கிலத்தில் தந்தார். கீஸ் சுருக்கமாகச் சொன்னதை ஃப்ளெமிங் மூன்று மடங்கு அடைமொழியோடு சொல்வார், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கீஸ் வேட்டைக்காரர் இல்லை, வகைபிரிப்பவர். அதனால் அரண்மனை நாயோடு அடுப்படியில் கறி வாட்டும் கம்பியைச் சக்கரத்தில் ஓடிச் சுழற்றும் நாய்க்கும், கழைக்கூத்தாடியின் நடன நாய்க்கும் இடம் உண்டு. 'டம்ப்ளர்' என்ற, முயல் பிடிக்கும் தந்திர நாயை அவர் வருணிப்பதைப் பாருங்கள்: முயல்களைக் கண்டுகொள்ளாததுபோல உருண்டு புரண்டு, காற்றின் திசை பார்த்து, வளைக்கு அருகே வந்ததும் சட்டென்று பாய்ந்து கவ்வும். இரத்த மோப்ப நாயான 'பிளட்ஹவுண்டை'ப் பகலில் இருட்டில் அடைத்துவைத்து இரவில் திருடர்களைத் துரத்த விடுவார்கள் என்கிறார். ஸ்காட்லாந்து எல்லையில் ஆடுமாடு களவு போவது அன்றாட நடப்பு. தன் எஜமானன் இரண்டாம் ரிச்சர்டை விட்டுவிட்டு, அவர் முடியைப் பறித்து நான்காம் ஹென்றி ஆகவிருந்தவரின் தோளில் போய்க் கால் வைத்த கிரேஹவுண்டின் கதையை வரலாற்றாசிரியர் ஃப்ராய்சார்ட் சொன்னதாக எடுத்துச் சொல்கிறார். 1399இல் அதே மாதிரி கட்சி மாறியவர்களில் நம் யார்க் எட்வர்டும் ஒருவர் என்பது கீஸ் சொல்லாத செய்தி.

'மேக்பெத்'தில் கொலைகாரர்களிடம் மன்னன் அடுக்கும் நாய்ப் பட்டியலுக்கும் எட்கரின் பட்டியலுக்கும் காலத்தால் நெருக்கமானது இந்த நூல். கீஸின் காலத்தில் 'பிராக்' மோப்ப நாய்களில் பெண்ணைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கிவிட்டது. லியரின் கோமாளி 'லேடி என்ற பிராக்' என்று குத்திப் பேசும்போது அந்தப் பெண்பாலில்தான் கேலி இருக்கிறது. எட்வர்டின் காலத்து ரேச்சை மட்டும் தெரிந்துகொண்டு அங்கே போனால் அது நழுவிவிடும்.

இப்போது லைமருக்குத் திரும்பவேண்டும், ஏனென்றால் நூலைத் தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம் என்பது இந்த ஒரு நாயிலேயே தெரிந்துவிடும். எட்வர்டின் லைமர் வாரை விட்டு இறங்காத, அவசரப்படாத, வாய் திறக்காத தடம்பார்க்கும் நாய். கீஸின் 'லையெம்மர்' வேறு ரகம்: மோப்பமும் கூர்மை, ஓட்டமும் அசாத்தியம், முயல்நாய்க்கும் கிரேஹவுண்டுக்கும் இடைப்பட்ட உடல்வாகு. பெயர் ஒன்று, இடையில் ஏறக்குறைய 160 ஆண்டு. 'சர் கவேன்' என்ற 14ஆம் நூற்றாண்டுக் கவிதையின் மூன்று நாள் வேட்டைக்குக் கீஸின் நாயை அனுப்பினால் அது மானை எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். சாசர், கவேன் என்று 14ஆம் நூற்றாண்டுக்குப் போகிறவர் கீஸைத் தொடவே வேண்டாம். எட்வர்ட் சாசருக்கு அடுத்த தலைமுறை. தன் முன்னுரையிலேயே சாசரின் வரியை எடுத்தாள்கிறார். 'கோமகள் நூல்' என்ற சாசரின் இளமைக்காலக் கவிதையில் வரும் லைமர்களும் ரிலேக்களும் கொம்பொலிகளும் எட்வர்டின் பக்கங்களில் அப்படியே கிடைக்கும்.

நான்காவது, 1575இல் வந்த 'நோபிள் ஆர்ட் ஆஃப் வெனரி'. பெயரில்லாமல் வந்ததால் நெடுங்காலம் ஜார்ஜ் டர்பர்வில் எழுதியதாக நம்பினார்கள். ஜார்ஜ் கேஸ்காய்ன்தான் என்று இன்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஷாக் து ஃபூயூ என்பவரின் பிரெஞ்சு நூல் பெரும்பாலும் அப்படியே ஆங்கிலத்தில் இருக்கிறது. நீளம் அதிகம். எது பிரெஞ்சு வழக்கம், எது இங்கிலாந்து வழக்கம் என்று சில இடங்களில் கேஸ்காய்னே பிரித்துச் சொன்னாலும், சொல்லாமல் விட்ட இடங்களே அதிகம். ஒரு சொல்லை நம்பி எடுக்க அது தடை. மரச்செதுக்குப் படங்களுக்காக மட்டும் புரட்டலாம். முதலாம் எலிசபெத் அரசியின் முன்னால் வேட்டையாள் மண்டியிட்டு மான் புழுக்கையை நீட்டும் படம் ஒன்று இருக்கிறது. 1611 பதிப்பில் அரசியைச் செதுக்கி எடுத்துவிட்டு முதலாம் ஜேம்ஸை நிறுத்திவிட்டார்கள், புழுக்கை மாறவில்லை. முயலும் நீர்நாயும் மனிதனைக் கேள்வி கேட்கும் செய்யுள்கள் இடையில் வருகின்றன, அவை நல்ல கவிதை.

இன்னொரு வகை வாசகரும் உண்டு. டாலி-ஹோ, விப்பர்-இன், சிவப்புக் கோட்டு என்று நரி வேட்டைச் சொற்களைத் தேடுபவர். நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்து நரி கிடைக்காத குறைக்கு நம் ஊர் நரியை வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் துரத்திய ஊட்டி ஹன்ட் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொற்கள் வேண்டியிருக்கும். அவர்களுக்கு மேலே சொன்ன நான்கும் உதவாது. நரி இந்த நூல்களில் மட்டமான வேட்டை. அதைக் கொண்டாடும் வழக்கமும் அதன் தனிச்சொற்களும் 18ஆம் நூற்றாண்டில்தான் தழைத்தன. ஓடும் நாய்கள் மோப்பத்தை இழந்து நிற்பதைக் குறித்த 'அட் ஃபால்ட்', தப்பான விலங்கின் பின்னால் ஓடுவதைக் குறித்த 'ரன் ரயட்' ஆகிய தொடர்கள் மட்டும் எல்லாக் காலத்து ஹவுண்டுகளுக்கும் பொது.

நாய்க்குப் பெயர் வைக்கவேண்டிய கதாசிரியருக்கு ஒரு குறுக்குவழி: 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் 1,065 ஹவுண்டுப் பெயர்கள் இருக்கின்றன, ஆய்விதழில் அச்சாகியிருக்கிறது. நோஸ்வைஸ், கார்லிக், ஹோல்ட்ஃபாஸ்ட், நேம்லெஸ் எல்லாம் அதில் உண்டு. பெயரில்லாதவன் என்றே ஒரு நாய்க்குப் பெயர் வைத்த ஆளைச் சந்தித்திருக்கலாம் என்று தோன்றும்.

நான்கு நூல்களும் காப்புரிமை காலாவதியானவை, இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதனால் விலை இங்கே பேச்சே இல்லை, நேரம்தான் செலவு. 1909 'மாஸ்டர் ஆஃப் கேம்' பதிப்பை எடுத்து முயல், கலைமான் அத்தியாயங்களைத் தாண்டி நேராக நாய் அத்தியாயங்களுக்குப் போங்கள். ரேச், கிரேஹவுண்ட், அலான்ட், ஸ்பானியல், மாஸ்டிஃப் என்று ஐந்தும் அடுத்தடுத்து வரும். பிறகு கொட்டில் அத்தியாயம், அதன்பின் அரசன் வில்லோடும் கிரேஹவுண்டோடும் வேட்டைக்குப் போகும் கடைசி அத்தியாயம். பின்னிணைப்பைப் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். லியரையோ மேக்பெத்தையோ கையில் வைத்திருப்பவர் இதைத் தள்ளிவைத்துவிட்டு ஃப்ளெமிங்கின் கீஸைப் படிக்கலாம். மெலிந்த நூல், நாய்க்கு இரண்டு மூன்று பக்கம்தான். செயின்ட் ஆல்பன்ஸ் நூலில் வேட்டைச் செய்யுளும் அதையொட்டிய நாய்ப் பட்டியலும் போதும், குலச்சின்னப் பகுதியைத் திறக்கத் தேவையில்லை.